நேரில் பார்த்தவரின் கையெழுத்து

முதல் அடி நான் அடிக்கவில்லை. வேறு எதை எழுதினாலும் எழுதாவிட்டாலும், அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.

இந்த பெஞ்சில் உட்காருவோம். மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். பிளாண்ட் வாசலில் உங்களோடு நின்று பேசினால் சாயங்காலத்துக்குள் அது மேனேஜர் அறைக்குப் போய்விடும். இங்கே டீ மாஸ்டரும் நாலு ஆடுகளும்தான். மாஸ்டருக்குக் காது கொஞ்சம் மந்தம். அண்ணே, ரெண்டு டீ! ஒண்ணுல சீனி கம்மி!

நீங்கள் போனில் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். மின்சாரம், எண்ணெய், எரிவாயு, இந்த மாதிரித் துறைகளில் வேலை செய்கிற கறுப்பின இன்ஜினியர்களை ஒரு சங்கம் வருடாவருடம் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கிறது. இந்த வருடக் கடைசிப் பட்டியலில் சொகாரி ஜார்ஜ் சாரின் பெயர் இருக்கிறது. ஆனால் ஆறு வருடத்துக்கு முன் எங்கள் கம்பெனி எழுதிய விபத்து அறிக்கை குறுக்கே நிற்கிறது. அவர் சொல்லாமல் வெளியே போனார், சொல்லாமல் திரும்பி வந்தார், விதியை மீறினார் என்று அதில் இருக்கிறது. அது பொய் என்று யாராவது எழுதிக் கொடுக்கவேண்டும். அந்த அறிக்கை ஒரே ஒரு கையெழுத்தில் நிற்கிறது. ஆர். நீலமேகம், பயிற்சிப் பொறியாளர். நான்தான். நான் மாற்றி எழுதிக் கொடுத்தால் அவருக்கு விருது, எனக்கு வேலை போகும். சரிதானே?

பயப்படுகிறான் என்று எழுதாதீர்கள். யோசிக்கிறேன்.

என் அப்பா உப்பளத்தில் கூலி. எங்கள் தெருவில் டிகிரி என்று ஒன்றை வாங்கி வந்த முதல் ஆள் நான். அந்தக் காகிதத்தை அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசிப் பானைக்குள் வைத்தாள். எலி கடிக்காதாம். இப்படிப்பட்டவன் எதில் கையெழுத்துப் போட்டாலும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் போடுவான். அன்றைக்கும் இரண்டு தடவை படித்தேன். பார்த்ததைத்தான் எழுதினேன்.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். என்னைப் பாருங்கள். பேரே நீலமேகம். காலேஜ் ஹாஸ்டலில் எனக்கு 'தார்' என்று பெயர். முதல் வருடம் சீனியர்கள் என் தலையைப் பிடித்து, புதிதாக வெள்ளையடித்த சுவரில் வைத்துத் தேய்த்தார்கள். "வெளுக்குதான்னு பார்ப்போம்டா." புருவத்தில் இந்தத் தழும்பு அதுதான். நாலு தையல். அதனால் அந்த விஷயத்தில் எனக்கு யார் மேலும் இளக்காரம் கிடையாது. இருக்கவும் முடியாது.

ஆனால் ஒன்று. எழுதுங்கள், பரவாயில்லை. சொகாரி சார் பிளாண்டுக்கு வந்த அன்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இனி என்னை விட்டுவிடுவார்கள் என்று. விட்டும்விட்டார்கள்.

அவர் நைஜீரியாவில் கடலோர ஊர்க்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். விசிறி செய்து கொடுத்த கம்பெனி அனுப்பிய அதிர்வு நிபுணர். விசிறி என்றால் வீட்டு விசிறி இல்லை மேடம். நிலக்கரி எரிகிற கொதிகலனுக்குள் காற்றைத் தள்ளுகிற விசிறி. நத்தை ஓடு மாதிரி ஒரு இரும்புக் கூடு, அதற்குள் ஆள் உயரத்துக்கு மேல் சக்கரம், சக்கரம் முழுக்க இறக்கை. அது எட்டு மாதமாக நடுங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு தடவை பேரிங் மாற்றிவிட்டோம். தரை அதிர, பக்கத்து அறை மேசையில் டீ கிளாஸ் தானாக நகரும்.

இவர் வந்து, நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இயந்திரத்தில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். மூன்று நாள் வெறுமனே கேட்டார். பிறகு கருவிகளை மாட்டிப் பார்த்தார். ஏழாவது இறக்கையின் அடியில் மயிரிழை வெடிப்பு, முழு வேகத்தில் ஓட்டினால் பிய்த்துக்கொண்டு வரும் என்று எழுதிக் கொடுத்தார்.

எங்கள் மேனேஜர் கோதண்டபாணி சார் மீட்டிங்கில் அதைத் தூக்கிக் காட்டினார். "எட்டு மாசமா நாம தேடுறோம். இவரு ஸ்க்ரூடிரைவரைக் காதுல வெச்சாராம், இறக்கை வந்து ஏழாம் நம்பர்னு சொல்லிச்சாம். கிளி ஜோசியம் தோத்துச்சு போங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் தெரியும் இல்லையா.

இன்னொருவரும் இருந்தார். அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. சொகாரி சார் வந்து ஒரு மாதம் கழித்து வந்தவர். இருபத்தாறு இருபத்தேழு வயது. அவர் நைஜீரியா இல்லை. கானாவோ, கென்யாவோ. மீட்டர்கள், அழுத்தம் காட்டுகிற கருவிகள், அந்த வேலையில் டெக்னீஷியன். வேறு கம்பெனி. இரண்டு பேரும் தூரத்து நாட்டுக்காரர்கள், ஒருவர் பாஷை இன்னொருவருக்குத் தெரியாது, இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வார்கள். எங்கள் ஆட்கள் சொகாரி என்ற பெயரைச் சொக்கர் ஆக்கிவிட்டார்கள். "மதுரையில இருக்க வேண்டியவர், இங்க விசிறி பார்க்க வந்திருக்காரு." இரண்டாவது ஆள் வந்ததும் இவர் பெரிய சொக்கர், அவர் சின்னச் சொக்கர். கேலிதான், ஆனால் பிரியமான கேலி. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

உயரத்தில் ஒரு சாண் வித்தியாசம் மேடம் இரண்டு பேருக்கும். சின்னச் சொக்கர் ஒல்லி. மீசை கிடையாது. பெரியவருக்குத் தாடி உண்டு. பக்கத்தில் நிறுத்தினால் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

பூட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் தொழிலில் அதுதான் சாமி. ஒரு இயந்திரத்துக்குள் ஆள் இறங்குகிறார் என்றால், முதலில் அதன் சுவிட்சை அணைத்துப் பூட்டி, அந்தச் சாவியை ஒரு சிவப்புப் பெட்டிக்குள் போடுவோம். உள்ளே இறங்குகிற ஒவ்வொருவரும் பெட்டியில் தன் சொந்தப் பூட்டை மாட்டவேண்டும். சாவி அவரவர் சட்டைப் பையில். கடைசிப் பூட்டு தொங்குகிறவரை பெட்டி திறக்காது, இயந்திரம் ஓடாது. எலக்ட்ரீஷியன் சீனி அண்ணன் சொல்வார்: "பூட்டுங்கிறது தாலி மாதிரி தம்பி. கட்டுனவனைத் தவிர எவனும் கை வைக்கக் கூடாது."

ஒவ்வொரு பூட்டிலும் போட்டோ ஒட்டிய ஒரு அட்டை தொங்கும். யாருடைய பூட்டு என்று தெரியவேண்டும் அல்லவா. சொகாரி சார் அட்டையில் ஆபீஸ் பிரிண்டர் வெள்ளை ஹெல்மெட்டையும் பல்லையும் மட்டும் காட்டியது. முகம் மொத்தமும் ஒரே மை. சின்னச் சொக்கர் அட்டையும் அப்படித்தான். அவர் இரண்டு தடவை வேறு அட்டை கேட்டார். கொடுக்கலாம் என்று இருந்தோம்.

இன்னொரு விஷயம், இதையும் எழுதுங்கள். ஒப்பந்தக் கூலிகளுக்குப் பூட்டு கிடையாது. அவர்கள் யாரோடு இறங்குகிறார்களோ அவர் பூட்டுதான் அவர்களுக்கும்.

பூட்டுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார், பூட்டைக் கழற்ற மறந்துவிட்டார் என்றால் என்ன செய்வது? அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. அவருக்குப் போன் செய்யவேண்டும். அவர் வளாகத்தைவிட்டு வெளியே போனதை ஒருவர் நேரில் பார்த்திருக்கவேண்டும். மேனேஜர் கையெழுத்து ஒன்று, 'நேரில் பார்த்தவர்' கையெழுத்து ஒன்று. அப்புறம்தான் வெட்டலாம்.

அன்று வியாழக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு முழு பாரத்தில் ஓட்டிக் காட்டவேண்டும். சென்னையிலிருந்து டைரக்டர்கள் வந்து ஏசி அறையில் முந்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பதினொன்று நாற்பதுக்குப் பெட்டியில் ஒரு பூட்டு தொங்குகிறது. சொகாரி சார் பூட்டு. வெடிப்பு இருக்கிற இறக்கையில் சிவப்பு பெயின்டால் குறி போடக் காலையில் உள்ளே இறங்கியிருந்தார்.

போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. போனெல்லாம் உள்ளே கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைத்துவிட்டுத்தான் இறங்கவேண்டும். அது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

கோதண்டபாணி சார் கழுத்தெல்லாம் வேர்த்து நின்றார். "எங்கய்யா அந்த ஆளு? பதினோரு மணிக்கு முடிச்சிடுறேன்னு எழுதியிருக்கான். நேரம் காலம்னு ஒண்ணு தெரியுமா இவனுங்களுக்கு?"

கேட்டுக்குப் போன் செய்தார். வாட்ச்மேன் பூவலிங்கம் ஸ்பீக்கரில், "ஆமா சார், ஆப்பிரிக்காக்காரர் வெளிய போயிட்டாரு. வேன்ல. புரோட்டா வாங்கப் போறேன்னாரு."

அவர் ரெஜிஸ்டரில் அப்படித்தான் எழுதுவார். ஆப்பிரிக்கா ஒன்று, வெளியே. ஆப்பிரிக்கா ஒன்று, உள்ளே. பெயர் எழுத மாட்டார். இந்த விபத்தில் யார் குற்றவாளி என்று என்னைக் கேட்டால் பூவலிங்கத்தைத்தான் சொல்வேன். ஒரு மனிதனின் பெயரை எழுதுவதில் என்ன கஷ்டம்?

கோதண்டபாணி சார் என் பக்கம் திரும்பினார். "நீலமேகம், நீ அந்தப் பக்கமிருந்துதானே வந்தே. பார்த்தியா?"

பார்த்தேன். பொய் இல்லை. பத்து நிமிடத்துக்கு முன் நூற்றைம்பது அடி தூரத்தில் பார்த்தேன். ஆரஞ்சு உடுப்பு, வெள்ளை ஹெல்மெட், கறுத்த பிடரி. வேனில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினார்.

"பார்த்தேன் சார்."

"போடு கையெழுத்தை."

இரண்டு தடவை படித்தேன் என்று சொன்னேனே. 'பூட்டின் உரிமையாளர் வளாகத்தைவிட்டு வெளியேறியதை நேரில் பார்த்தேன்.' போட்டேன். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாக இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தேதிக்காகச் சொல்கிறேன்.

சீனி அண்ணன் வெட்டுகத்தரியைப் பூட்டில் வைத்தவர் நிமிர்ந்தார். "தம்பி, நெசமாப் பார்த்தியா? மொகத்தைப் பார்த்தியா?"

"பார்த்தேண்ணே. வெட்டுங்க."

பூட்டு ஆடாமல் இருக்க நான்தான் பிடித்துக்கொண்டேன். படக்கென்றது. விரலில் சுள்ளென்று ஒரு அதிர்ச்சி.

விசிறி எடுத்தவுடன் வேகம் பிடிக்காது மேடம். முதலில் ஒரு முனகல். அப்புறம் இழுவை. வழக்கமாக அப்படித்தான். அன்றைக்கு முனகலுக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது. அடுத்து, இரும்பில் ஈரமான எதையோ அறைகிற மாதிரி, சத், சத், சத் என்று மூன்று தடவை. நாலாவதில் பெரிய சத்தம். சுவரெல்லாம் ஆடியது. விசிறி தானாக நின்றது.

ஓடினோம். கூட்டின் ஆள் நுழைகிற துளையிலிருந்து ஒருவன் பாதி வெளியே தொங்கினான். மலைராஜ். பக்கத்து ஊர் ஒப்பந்தக் கூலி. சொகாரி சாரோடு பெயின்ட் டப்பா தூக்கிக்கொண்டு போனவன். தொடை இடுப்பிலிருந்து முழங்கால்வரை திறந்திருந்தது. வெள்ளையாக எலும்பு தெரிந்தது. மண்டை பிளந்து முகத்தில் ரத்தம் திரையாக இறங்கியது. பேச்சு இல்லை. மேலே சாய்த்து வைத்திருந்த சிவப்பு பெயின்ட் கொட்டி, எது ரத்தம் எது பெயின்ட் என்று தெரியவில்லை. நான் மிதித்து வழுக்கி விழுந்தேன்.

கூலிகள் நாலு பக்கமும் ஓடி வந்தார்கள். அத்தனை பேரும் மலைராஜுக்கு அண்ணன் தம்பி, மாமன் மச்சான். அவர்களுக்குப் பூட்டு வெட்டியது தெரியாது. கோதண்டபாணி சார் கையை விரித்துக்கொண்டு கத்தினார்: "அந்த ஆப்பிரிக்காக்காரன் பண்ண வேலைய்யா! உள்ள ஆளை விட்டுட்டு, யார்கிட்டயும் சொல்லாம ஊர் சுத்தப் போயிட்டான்!"

பூட்டு தொங்கினால் விசிறி எப்படி ஓடும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் அங்கே மூன்று பேர்தான். கோதண்டபாணி சார், சீனி அண்ணன், நான். சீனி அண்ணன் துளைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு தலையை விட்டிருந்தார். என்னை ஆம்புலன்சுக்குக் கேட்டைத் திறக்க அனுப்பினார்கள்.

எனக்குப் பின்னாலேயே நாற்பது ஐம்பது பேர் வந்தார்கள். கையில் ஸ்பேனர், குழாய்த் துண்டு, ஹெல்மெட். மலைராஜின் மச்சான் குமராண்டி என் காலரைப் பிடித்து உலுக்கினான். "எவன்டா அவன்? சொல்றா, எவன் அவன்?"

அந்த நேரம் பார்த்து வேன் வந்தது.

ஆம்புலன்சுக்கு வழி காட்டத்தான் கையைத் தூக்கி வைத்திருந்தேன் மேடம். அந்தக் கை அப்படியே வேன் பக்கம் நீண்டது. "அதோ, வர்றாரு" என்று சொன்னேன். எனக்கு அவர்தான் சொகாரி சார். சத்தியமாக நான் அப்படித்தான் நம்பினேன். போனவர் சொகாரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அப்படியென்றால் வருகிறவரும் அவராகத்தானே இருக்கமுடியும்?

அவர் இரண்டு கையிலும் பார்சலோடு இறங்கினார். கூட்டத்தைப் பார்த்து, ஏதோ வரவேற்பு என்று நினைத்தாரோ என்னவோ, "வணக்கம்" என்று சிரித்தார்.

குமராண்டி குழாயால் வாயில் அடித்தான். அதுதான் முதல் அடி. எழுதிக்கொண்டீர்களா?

பார்சல் தெறித்துச் சால்னா ரோடெல்லாம் ஓடியது. அவர் முட்டி போட்டு விழுந்தார். எழுந்திருக்கக் கையை ஊன்றினார், அந்த விரல்களை பூட்ஸ் காலால் மிதித்தார்கள். சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. ஹெல்மெட்டைப் பட்டையோடு பிடித்துச் சுழற்றி முதுகில், கழுத்தில். ஒருவன் நடைபாதைக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்தான். "குடும்பஸ்தன்டா அவன்! ரெண்டு பொட்டப் புள்ளடா!" என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். அழுதுகொண்டே அடித்தார்கள். அவர்களையும் முழுக்கக் குறை சொல்லமுடியாது.

அவர் திருப்பி அடிக்கவில்லை. உடைந்த கையைத் தூக்கித் தன் நெஞ்சில் தட்டினார். தட்டித் தட்டி எதையோ சொன்னார். வாயில் ரத்தம், பல் இல்லை, குழறியது. முதலில் கெஞ்சுகிறார் என்று நினைத்தேன். இல்லை. ஒரே சொல். நெஞ்சில் தட்டுவார், அந்தச் சொல்லைச் சொல்வார். மறுபடி தட்டுவார், மறுபடி சொல்வார்.

தன் பெயரைச் சொன்னார் மேடம்.

நான் நாலு அடி தூரத்தில் நின்றேன். அப்போது முகத்தைப் பார்த்தேன். தாடி இல்லை.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்கவேண்டும் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. கத்தியிருக்கலாம். குமராண்டி என் பக்கம் திரும்பி, "என்னடா நிக்கிற? நம்ம ஆளுதானடா நீ?" என்றான். ஐம்பது பேர் அடிக்கிறபோது ஒருவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், அந்தக் கூட்டம் அடுத்து யார் பக்கம் திரும்பும்? என் நிறத்தையும் யோசித்துப் பாருங்கள். ஓங்கினேன். ஹெல்மெட்டால். ஒரு தடவைதான். தோளில் பட்டிருக்கும். தோள்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணே, அந்த ஆட்டை விரட்டுங்க, பையை மேயுது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னாலிருந்து, "வழி! வழி விடுங்க!" என்று சீனி அண்ணன் குரல். ஸ்ட்ரெச்சரின் முன்பக்கம் அவர். ஸ்ட்ரெச்சரில் இன்னொருவர். ஆரஞ்சு உடுப்பு. தாடி. இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. சீனி அண்ணன் பனியனைச் சுற்றி பெல்ட்டால் இறுக்கியிருந்தார். விசிறி முனகத் தொடங்கியதும் இவர் மலைராஜைத் துளை வழியாகத் தள்ளியிருக்கிறார். தள்ளிய கையை இறக்கை எடுத்துக்கொண்டது. கை போனதற்கு அப்புறமும் தோளால் முட்டித் தள்ளினார் என்று மலைராஜ் பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னான். பெரிய சத்தம் கேட்டதே, அது பிய்ந்து வந்த இறக்கை. ஏழாம் நம்பர்.

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சரில் இருப்பவரைப் பார்த்தார்கள். கீழே கிடப்பவரைப் பார்த்தார்கள். குழாய்த் துண்டு ஒன்று சிமென்டில் உருண்டு போகிற சத்தம் மட்டும் கேட்டது.

குமராண்டிதான் கேட்டான், மெதுவாக: "அப்ப இவன் யாருடா?"



சொகாரி சாருக்கு நினைவு இருந்தது. என்னை, கோதண்டபாணி சாரை, எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். மிச்சமிருந்த வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டு ஒரு சாவியை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். "என் சாவி என்னிடம்தான் இருக்கிறது" என்று இங்கிலீஷில் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். அந்தச் சாவி ஆம்புலன்ஸ் கதவு சாத்துகிறவரை அப்படியே தூக்கித்தான் இருந்தது.

ஆம்புலன்ஸில் இரண்டு பேருக்குத்தான் இடம். மலைராஜ், சொகாரி சார். சின்னச் சொக்கரை அவர் வந்த வேனிலேயே பின் சீட்டில் போட்டு அனுப்பினோம். ஒரு கண் போய்விட்டது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். வலது கண்ணா இடது கண்ணா தெரியவில்லை. ஒரு வாரத்தில் விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலமே அறிக்கை எழுதப்பட்டது. பூட்டுக்காரர் வெளியே போனதற்குச் சாட்சி இருக்கிறது. ஆனால் அவர் உள்ளே இருந்தார். அப்படியென்றால் பின்வாசல் வழியாகச் சொல்லாமல் திரும்பியிருக்கவேண்டும். கோதண்டபாணி சார் எழுதி என்னிடம் நீட்டினார். "உன் கையெழுத்துக்கு ஏத்த மாதிரிதான் எழுதியிருக்கேன். உன்னைக் காப்பாத்தத்தான்." யோசித்துப் பார்த்தால் அதுவும் உண்மைதான். மலைராஜை நிரந்தர வேலைக்கு எடுத்தார்கள். நொண்டிக்கொண்டு ஸ்டோரில் இருக்கிறான், வாயே திறக்க மாட்டான். சீனி அண்ணன் அந்த மாதமே வேலையை விட்டார். பதினெட்டாம் நாள் நானும் நிரந்தரம்.

இப்போது பாதுகாப்புப் பிரிவில் உதவி மேலாளர். புதிதாக வருகிற பையன்களுக்குப் பூட்டு வகுப்பு எடுப்பது நான்தான். நல்லா எடுக்கிறேன் என்று சொல்வார்கள். படிவத்தைத் திரையில் காட்டுவேன். 'நேரில் பார்த்தவர்' என்ற வரி வந்தால் வேகமாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

கொடுங்கள் அந்தக் காகிதத்தை. இரண்டு தடவை படிக்கிறேன்.

சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். சொகாரி ஜார்ஜ் வெளியே போனதை நான் பார்க்கவில்லை. அவர் விதியை மீறவில்லை. அவர் பூட்டை நாங்கள் வெட்டினோம். ம். முதல் அடி பற்றி நான் சொன்னதை மேலே குறித்திருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். அது தேவையில்லை. இல்லை, அடிக்கவேண்டாம். பக்கத்தில் நான் ஒன்று சேர்க்கிறேன். 'ஒரு அடி நான் அடித்தேன்.' பேனா எழுதுகிறதா? எழுதுகிறது.

இந்த வரி ஏன் காலியாக இருக்கிறது? 'அன்று வெளியேறியதை நான் நேரில் பார்த்த நபர்', புள்ளி புள்ளி புள்ளி.

ஓ. அவர் பெயரா.

அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார் மேடம். பொங்கலுக்கு மறுநாள். அம்மாவின் மிக்ஸி ஓடாமல் இருந்தது, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கழற்றி மாட்டி ஓடவைத்தார். அம்மா, "தம்பி, இன்னொரு துண்டு மீன் வைக்கட்டா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தம்பி. எங்களுக்குச் சின்னச் சொக்கர். அந்த மிக்ஸி இன்னும் ஓடுகிறது. "அந்தத் தம்பி ஊருக்குப் போயிட்டாரா, நல்லா இருக்காரா?" என்று இப்போதும் கேட்பாள். நல்லா இருக்கார்ம்மா என்பேன்.

பழைய ரெஜிஸ்டர் பிரயோஜனம் இல்லை. ஆப்பிரிக்கா ஒன்று. அட்டையில் வெறும் மை. அவர் கம்பெனி மூடிவிட்டது. சொகாரி சாரைக் கேளுங்களேன், அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

கேட்டீர்களா? என்ன சொன்னார்? பெயர் தெரியும், ஆனால் அதை நீலமேகம்தான் எழுதவேண்டும் என்றாரா?

இல்லை, 'ஆப்பிரிக்க சக ஊழியர் ஒருவர்' என்று போட்டால் கமிட்டி ஒத்துக்கொள்ளும் என்கிறீர்கள். புரிகிறது. உங்களுக்கு மதுரை பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். ஆனால் அப்படி எழுதினால் போன தடவை நான் எழுதியதும் அதேதானே மேடம்? பார்த்தேன், ஒருவரைப் பார்த்தேன். அந்தக் கையெழுத்தின் கீழே இன்னொரு தடவை அதே கையெழுத்தா?

எனக்குத் தெரியும். கேட்டிருக்கிறேன். நாலு அடி தூரத்தில் நின்று கேட்டிருக்கிறேன். ஐம்பது பேர் சத்தத்துக்கு நடுவில் அந்த ஒரு சொல்தான் தெளிவாக வந்தது. நெஞ்சில் இப்படித் தட்டினார், இரண்டு தட்டு. நீளமான பெயர் இல்லை. தட்டுக்கு ஒரு எழுத்து மாதிரி இருந்தது. முதல் தட்டுக்கு உதடு குவிந்தது. இரண்டாவது தட்டுக்குள் குமராண்டியின் கால் வந்துவிட்டது.

இருங்கள். இப்படி. இன்னும் பலமாகத் தட்டவேண்டும், அவர் பலமாகத் தட்டினார்.

பேனாவை எடுக்காதீர்கள் மேடம். இன்னொரு தடவை தட்டிப் பார்க்கிறேன்.